நான் போட்ட இன்ட்டு

என் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'ஆலோசகர், மருத்துவ மற்றும் பராமரிப்பு நிறுவனங்கள்' என்று அச்சாகியிருக்கிறது. அந்த வரியை எழுதியது நான் இல்லை, அச்சகம் வைத்திருக்கிற என் மைத்துனர். "வெறும் பேரும் போன் நம்பரும் மட்டும் இருந்தா வாட்டர் கேன் போடுதவரு கார்டு மாதிரி இருக்கும் அத்தான்" என்று சொல்லி அவராகவே சேர்த்துவிட்டார். இருநூறு கார்டு அடித்துக் கொடுத்தார். கார்டை எடுத்து ஒருவரிடம் நீட்டுவது எனக்குக் கூச்சமான காரியம் என்பதால் ஆறு வருஷத்தில் பதினோரு கார்டுதான் வெளியே போயிருக்கிறது. கிரைண்டர் ஓரத்தில் ஒட்டிய மாவை வழிக்க இது நல்ல வசதி என்று என் மனைவி நான்கைந்தை அடுக்களையில் வைத்திருக்கிறாள். அந்த வகையில்தான் கார்டுக்கு அதிகப் பயன்.

நான் படித்தது பிளஸ் டூ. தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில் இருபது வருஷம் இருந்தேன். நோயாளிகளின் ஃபைலை நம்பர் வாரியாக அடுக்குவது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்தால் அதே இடத்தில் வைப்பது. மனிதர்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சமயம் அந்த மருத்துவமனை தரச் சான்றிதழ் வாங்க ஆசைப்பட்டது. சென்னையிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் எட்டு மாதம் என்னை அவர்களுக்குப் பின்னாலேயே நடக்க விட்டார்கள். அவர்கள் என்னென்ன கேட்கிறார்கள், எந்தப் பதிவேட்டைப் பார்த்தால் முகம் மலர்கிறது, எதைப் பார்த்தால் சுருங்குகிறது என்று நடந்து நடந்தே தெரிந்துகொண்டேன். என் தொழில் கல்வி அவ்வளவுதான்.

பிறகு அங்கே எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. ரெக்கார்டு அறை பிசியோதெரபி அறையாயிற்று. நான் வெளியே வந்தேன். அந்தச் சமயத்தில் சுரண்டைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் சான்றிதழ் வேலை தொடங்கியது. "அந்த ஃபைல்காரரைக் கூப்பிடுங்க" என்று யாரோ சொன்னதில் போனேன். அதிலிருந்து இந்த வட்டாரத்து மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், மனவளர்ச்சி குன்றியோர் விடுதிகள் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போய்ப் பதிவேடுகள் எப்படி வைக்க வேண்டும், எதை எங்கே எழுதி ஒட்ட வேண்டும் என்று சொல்லித் தருவேன். சொல்லித் தருவேன் என்பதைவிட எழுதித் தருவேன் என்பது சரி.

கூட்டங்களில் நான் பேச மாட்டேன். வாய் வராது. மற்றவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். செங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் முதல் நாள் கூட்டத்தில், பக்கத்தில் இருந்த டாக்டரின் டீயை எடுத்துக் குடித்துவிட்டேன். என்னுடைய டீ எனக்கு முன்னாலேயே ஆடை கட்டிக்கொண்டு இருந்தது. இதை எப்படிச் சரிசெய்வது என்று அரைமணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மருத்துவமனை முதலாளி மேனேஜரிடம், "பாத்தியா, ஸ்ட்ரெச்சர் திரும்ப இந்த வாசல் பத்தாதுன்னு வாயத் திறக்காம சொல்லுதாரு" என்று சொல்லி, அதே மாதத்தில் வாசலை இடித்து அகலப்படுத்தினார். இன்றைக்கும் அங்கே ஸ்ட்ரெச்சர் சுலபமாகத் திரும்புகிறது. இன்றைக்கும் அந்தப் புகழ் எனக்குத்தான்.

இப்படியான புகழுடன்தான், போன வருஷம் சாரல் தொடங்குகிற சமயத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு முதியோர் இல்லத்துக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பெரியவர்கள் முப்பது பேர் அங்கே இருந்தார்கள். அதில் படுக்கையோடு இருக்கிறவர்களுக்குப் பத்துக் கட்டில் போட்ட ஒரு வார்டு. நடத்துவது ஒரு அறக்கட்டளை. அதன் செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர். நன்றாகப் பேசுவார். நான் நன்றாகக் கேட்பேன். அதனால் எங்களுக்கு முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. தரச் சான்றிதழ் இருக்கிறதா என்று வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கேட்கிறார்களாம். இரண்டு மாதத்தில் ஆய்வுக்கு ஆட்கள் வருவார்கள். அதற்குள் என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ செய்யுங்கள் என்றார்.

நான் வார்டில் போய் நின்றேன். வார்டில் நிற்பதும் என் முறைகளில் ஒன்று. கையில் அட்டை, அட்டையில் காகிதம், முகத்தில் ஒன்றும் இல்லை.

மாத்திரை கொடுக்கிற நேரம். பராமரிப்பாளர்கள் பன்னிரண்டு பேரில் மூத்தவர் ஒரு அம்மாள். ஆய்க்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம், ஆனால் அங்கே எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் மனதுக்குள் அக்கா என்றே வைத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு கட்டிலாக நின்று, "நீங்க யாரு, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டார். அவர்கள் பெயரைச் சொன்னதும் மாத்திரையைக் கொடுத்தார். ஏழாம் கட்டிலில் இருந்தவர் நாற்பது வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். "நீங்க யாரு அண்ணாச்சி?" என்று அக்கா கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த வட்டம், எந்தக் கிராமம், எந்தத் தெரு, என்ன கதவு எண், யாருடைய மகன், என்ன பெயர், எத்தனை வயது என்று பத்திரம் வாசிக்கிற குரலில் முழுவதையும் சொன்னார். கடைசியில் "ஆகிய நான்" என்று முடித்து வாயைத் திறந்தார். அக்கா மாத்திரையை உள்ளே போட்டார்.

எனக்கு அது ரொம்ப நேரம் எடுப்பதாகத் தோன்றியது. 'தேவையற்ற உரையாடல், தவிர்க்கவும்' என்று எழுதிக்கொண்டேன்.

மருந்து கொடுக்கும்போது ஆளைச் சரிபார்ப்பது பற்றி என்னிடம் ஒரு ஆங்கிலக் குறிப்பு இருந்தது. பழைய மருத்துவமனையில் நகல் எடுத்து வைத்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தலைப்பும், நோயாளியின் பெயரை உறுதிசெய்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்ற வரியும் இருந்தன. இரண்டாம் பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. பொடி எழுத்தில் இருப்பது முக்கியமாக இருக்காது என்பது என் நெடுநாள் நம்பிக்கை. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது வசதியான நம்பிக்கையும்கூட. ஆகவே முதல் பக்கத்தை வைத்து நானே ஒரு விதி செய்தேன். 'பராமரிப்பாளர் நோயாளியின் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் ஆமாம் என்றதும் மருந்து கொடுக்க வேண்டும்.' இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, வார்டில் நான்கு இடத்தில் ஒட்டினேன். நேராகவும் ஒட்டினேன். அதில் குறை சொல்ல முடியாது.

ஆய்வுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஒத்திகை வைத்தோம். ஆளுக்கு மூன்று கட்டில். சரியாகச் செய்தால் நான் டிக் போடுவேன், இல்லாவிட்டால் இன்ட்டு. பதினோரு பேருக்கு டிக் விழுந்தது. அக்காவுக்கு ஐந்து, ஆறு, ஏழாம் கட்டில்கள். ஐந்திலும் ஆறிலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கொஞ்சம் தயக்கத்தோடு. ஏழாம் கட்டிலில் போய் நின்று, "அண்ணாச்சி" என்றார்.

"பேரைச் சொல்லணும்" என்றேன் அட்டையைப் பார்த்தபடி.

"நீங்க யாரு அண்ணாச்சி?"

பத்திரக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து வட்டத்திலிருந்து ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாற்பது வருஷத்தில் அவரைப் பாதிப் பத்திரத்தில் யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்க சொல்லணும்க்கா. போர்டுல போட்டிருக்கில்ல."

அக்கா போர்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. நான் இன்ட்டு போட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் என்னைப் போலக் கூச்சப்படுகிறவர் என்று நினைத்துவிட்டேன். இந்தத் தொழிலில் என் சாதிக்காரர் ஒருவரை முதல்முறையாகப் பார்த்த சந்தோஷம் எனக்கு. அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கூச்சத்தை எப்படிப் போக்குவது என்று பத்து நிமிஷம் பேசினேன். கண்ணாடி முன்னால் நின்று பழக வேண்டும், எதிரே இருப்பவர் நம்மைத் தின்றுவிட மாட்டார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். இதில் ஒன்றுகூட எனக்குப் பலித்ததில்லை. இத்தனையையும் தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார்" என்று உள்ளே போனார்.

செயலாளர் அன்று மதியமே தாளை வாங்கிப் பார்த்தார். பதினோரு டிக்கைப் பார்க்காமல் நேராக இன்ட்டுக்குப் போனார். வங்கிக் கண்.

"நல்ல பொம்பளதான் சார். ஆனா ஆய்வு அன்னைக்கு இப்படி நின்னுதுன்னா மொத்தமும் போயிரும். அன்னைக்கு லீவு போடச் சொல்லிருதேன். மாசக் கடைசியோட நிறுத்திட்டு, சர்ட்டிபிகேட் படிச்ச பிள்ளை ஒண்ணு கேட்டுட்டுக் கெடக்கு, அதை எடுத்துருவோம். நீங்க என்ன சொல்லுதிய?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆள் எடுப்பது நிறுத்துவது எல்லாம் என் பேச்சுக்கு அப்பாற்பட்டது என்று நினைத்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"நீங்களே ஒத்துக்கிட்டிய. அப்பம் சரி" என்றார் அவர்.

அக்கா ஏன் வாய் திறக்கவில்லை என்ற விஷயத்தை எனக்குச் சொன்னவர் அங்கத்திய சமையல்காரர். அவரும் ஆய்க்குடிக்காரர், அக்கா வருகிற அதே பஸ்ஸில் வருகிறவர். மறுநாள் சுக்குக் காபிக்காக அடுக்களை வாசலில் நின்றேன். அவர் டம்ளரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"சார், ஏழாம் நம்பர் பேரும் அவ வீட்டுக்காரன் பேரும் ஒண்ணு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கிற பெயர்தான் அது. நான் அதை இங்கே எழுதப் போவதில்லை.

"புருசன் பேரைச் சொல்ல மாட்டாங்களாக்கும்?" என்றேன். "இந்தக் காலத்திலயா?"

"இந்தக் காலத்துலதான் ஒருவாட்டி சொன்னா. ரேசன் கார்டு திருத்தத்துக்குப் போன எடத்துல, அங்கன இருந்த பிள்ளை 'வாயத் தொறந்து சொல்லுங்கம்மா, பின்னால கூட்டம் நிக்கு'ன்னு வெரட்டிருக்கு. சொல்லிட்டா. நாலாம் நாளு அவன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல லாரி மேலருந்து வெங்காய மூட்டையோட விழுந்தான். இடுப்பெலும்பு. மூணு வருசமா வீட்டுல கெடக்கான். இவ சம்பளத்துலதான் கஞ்சி." டம்ளரை நீட்டினார். "நீங்க நம்புதியளோ இல்லையோ, அவ நம்புதா. உங்க ஒரு டிக்குக்காவ அந்தாளு இன்னொரு எலும்ப ஒடைக்கணுமா?"

கூச்சத்தைப் போக்கக் கண்ணாடி முன்னால் நிற்கச் சொன்னேனே, அந்தப் பெயரையும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகவா சொன்னேன் என்று நினைக்க உடம்பு கூசியது.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம், "நீ என் பேரைச் சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"கேஸ் புக் பண்ணும்போது சொல்லுவேன். வேற எதுக்குச் சொல்லணும்? பேரு சொல்லிக் கூப்பிட்டா மட்டும் ஒடனே எந்திச்சு வந்துருவியளாக்கும்."

விதியில் ஏதாவது விலக்கு இருக்குமா, ஒரு ஆளுக்கு மட்டும் வேறு மாதிரி செய்ய வழி இருக்குமா என்று தேடத்தான் அந்த ஆங்கிலக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தை முதல்முறையாக எடுத்தேன். போனில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்ததில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதில் விலக்கு எதுவும் இல்லை. விலக்குக்கு அவசியமும் இல்லை. பராமரிப்பவர் நோயாளியின் பெயரைச் சொல்லவே கூடாது என்று போட்டிருந்தது. பெயர் என்ன என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். காது மந்தமானவர்களும் மனம் கலங்கியவர்களும் எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார்கள், மருந்து மாறிப்போகும். பெயரோடு இன்னொரு அடையாளமும் கேட்க வேண்டும், வயதோ தகப்பன் பெயரோ.

நான் டிக் போட்ட ஒரு பெண், மூன்றாம் கட்டில் பெரியவரின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் அழகாகத் தலையாட்டினார். அவருக்கு இரண்டு காதும் கேட்காது. மின்விசிறிக்கும் அப்படித்தான் தலையாட்டுவார்.

ஆக, பதினோரு டிக்கும் தப்பு. அந்த வார்டில் சரியாகச் செய்த ஒரே ஆளுக்குத்தான் நான் இன்ட்டு போட்டிருக்கிறேன்.

இதைச் செயலாளரிடம் சொல்ல வேண்டும். ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

முதல் நாள் அவர் அறைக்குப் போனேன். அமெரிக்காவில் மகன் வீட்டு வாசலில் பனி அள்ளிய கதையைச் சொன்னார். பனி முழுவதையும் அள்ளி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். அவர் போனில் இருந்தார். தாளை மேஜையில் மற்ற காகிதங்களுக்கு மேலே வைத்தேன். அவர் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்து, தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஃபைலுக்குப் போகிற தட்டில் போட்டுவிட்டார். என் தப்பு முறைப்படி அங்கீகரிக்கப்பட்டுவிட்டது.

மூன்றாம் நாள் வார்டு வழியாகப் போனேன். மாசக் கடைசியோடு நிற்க வேண்டியதை அக்காவிடம் சொல்லியாகிவிட்டது போலிருந்தது. இளம் பெண் ஒருத்தியிடம் அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏட்டி, நாலாம் நம்பருக்கு மாத்திரையப் பொடிச்சு வாழப்பழத்துல வச்சுக் குடு. ரெண்டாம் நம்பர் ஆச்சி மருந்தத் துப்பிருவா, வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டுப் போ. இவுகளுக்குத் தலகாணிய வலப்பக்கமா வச்சாத்தான் ஒறக்கம் வரும்." ஏழாம் கட்டிலைக் கண்ணால் காட்டினார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி ஒதுங்கி வழி விட்டார். திட்டியிருந்தால்கூட நான் மெதுவாக நடந்திருப்பேன். நேராகச் செயலாளர் அறைக்குள் போய், நின்றபடியே சொன்னேன்.

"சார், அந்த அக்காவ நிறுத்த வேண்டாம். தப்பு அவங்களோடது இல்ல. என்னோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"சார், உங்க மனசு எனக்குப் புரியுது. ஒரு ஏழைப் பொம்பளைக்காவ நீங்க பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிடுதிய. இந்தப் பெருந்தன்ம யாருக்கு வரும்?"

"பெருந்தன்ம இல்ல சார். நான் படிக்கல."

"எத?"

"ரெண்டாம் பக்கத்த."

"நேரம் இருந்திருக்காது."

"நேரம் இருந்தது சார். இங்கிலீஷ்தான் இல்ல."

அவர் சிரித்தார். இவ்வளவு அடக்கம் ஆகாது என்றார். எட்டு மாதம் சென்னை ஆட்களோடு வேலை பார்த்தவருக்கு ஆங்கிலம் தெரியாதாம், கேட்டால் யாராவது நம்புவார்களா என்றார். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் நான் அறிவாளி என்று தப்பாகப் பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டுப் பெற நான் பட்ட பாடு ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுக்கத்தான் வழி தெரியவில்லை.

கடைசியில் பையிலிருந்து அந்த ஆங்கிலக் குறிப்பை எடுத்தேன். "நான் வாசிக்கேன் சார், கேளுங்க" என்று இரண்டாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசித்ததற்குப் பிறகு இதுதான். முதல் வரியில் மூன்று இடத்தில் நின்றேன். இரண்டாம் வரியில் ஒரு நீளமான சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துப் பார்த்தும் அது வாய்க்குள் வரவில்லை. செயலாளர் இரண்டு உச்சரிப்பைத் திருத்தினார். மூன்றாவதைத் திருத்தவில்லை. அவர் முகத்தில் அந்தக் கனிவு கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைத் தாளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

"போதும்வே" என்றார்.

அந்த 'வே'யில் எனக்கு நிம்மதி வந்தது. சார் என்பது போய்விட்டது. நம்பிவிட்டார்.

தாளை வாங்கி அவரே வாசித்தார். அரை நிமிஷத்தில் முடித்தார்.

"அப்பம் அந்தப் பதினோரு டிக்கு?"

"தப்பு."

"அந்த இன்ட்டு?"

"அவங்கதான் சரியாச் செஞ்சாங்க."

"அப்பம் ஒம்ம என்னத்துக்குவே நான் கூப்பிட்டேன்?"

நான் பேசாமல் நின்றேன். இந்தத் தடவை அதை யாரும் யோசனை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

கோபம் இருந்தாலும் மனிதர் நியாயமானவர். என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போய், அக்காவிடம் அவரே சொன்னார். "எங்கயும் போகாண்டாம். நீ செய்யுததுதான் சரியாம். இவரு போர்டுதான் தப்பு." அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்.

"அப்ப அந்தத் தாள்ல போட்ட இன்ட்ட எடுத்துருவியளா சார்?"

"எடுத்துருதேன்."

"அந்தப் பிள்ளையளுக்கு மாத்தி இன்ட்டு போட்டுறாதீங்க. நீங்க சொன்னதத்தான செஞ்சாளுவ."

போட்டதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பதிவேடுகளின் விதி. அது நிச்சயமாக எனக்குத் தெரிந்த விதி. அப்படியே அடித்தேன். ஆனால் ஒத்திகையில் தப்பு நடந்திருக்கிறது, அது யாருடையது என்று தாளில் இருக்க வேண்டும். பன்னிரண்டு பெயருக்கும் கீழே பதின்மூன்றாவதாக என் பெயரை எழுதி, எதிரே இன்ட்டு போட்டேன்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "இன்ட்டு போட்டா மறுபயிற்சி குடுத்ததுக்கு ரெக்கார்டு வேணும்னு நீருதானவே சொன்னீரு?"

சொல்லியிருந்தேன். அதுவும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

ஆகவே மறுநாள் நான்கு போர்டையும் கழற்றிய பிறகு, பதினோரு பெண்களும் சுற்றி நிற்க, அக்கா எனக்கு மறுபயிற்சி கொடுத்தார். முதலில் என்னைக் காலியாக இருந்த ஒன்பதாம் கட்டிலில் படுக்கச் சொன்னார். நான் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "தகப்பனார் பேரு விட்டுப்போச்சு" என்று ஏழாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கதவு எண்ணும் இல்ல. இந்தப் பத்திரம் செல்லாது."

பிறகு என் முறை. ஏழாம் கட்டில் முன்னால் போய் நின்று, "நீங்க யாருங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"முகத்தப் பாத்துக் கேளுங்க சார்" என்றார் அக்கா. "கட்டில் காலப் பாத்துக் கேட்டா அது எந்தூருன்னு சொல்லுமா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று. ஆனாலும் கேட்டேன். பத்திரக்காரர் என்னை மன்னிக்கிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வட்டத்திலிருந்து ஆரம்பித்து, 'ஆகிய நான்' வரை சொன்னார். நான் நடுவில் நிறுத்தவில்லை. பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார்.

ஆய்வுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒரு அம்மையார் பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"ஸ்டாஃப் பன்னண்டு பேர்னு சொன்னீங்க. இங்க பதிமூணு இருக்கே. இந்தக் கடைசி ஆள் யாரு? தேறலையே."

நான் கையைத் தூக்கினேன், தோள் உயரத்துக்கு.

"இவருக்கு மறுபடி டிரெய்னிங் குடுத்தீங்களா?"

"குடுத்தோம் மேடம்" என்றார் செயலாளர். "அந்தா நிக்காங்களே, அவங்கதான் குடுத்தாங்க."

அம்மையார் அக்காவிடம் திரும்பினார். "இப்போ சரியா பண்றாரா?"

அக்கா என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். வேண்டுமென்றே யோசித்தது போலத்தான் எனக்குப் பட்டது.

"கேக்கதெல்லாம் சரியாத்தான் கேக்காவ மேடம். மொகத்தப் பாக்கதுக்குத்தான் இன்னும் ரெண்டு நாளு ஆவும்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார்.